ரேம், வைஃபை, டாக்: மடிக்கணினி கேட்கும் மூன்று கேள்விகள்

கையில் தூக்கிச் செல்லும் கணினியை முதன்முதலில் வெற்றிகரமான வணிகப் பொருளாக்கியவர் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். ஆடம் ஆஸ்பர்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ரமணாசிரமத்தின் ‘தி மவுண்டன் பாத்’ இதழை 1964இல் தொடங்கி நடத்தியவர். மகனின் பள்ளிப்படிப்பு கொடைக்கானலில் தொடங்கியது. 11 வயதில் இங்கிலாந்து சென்ற ஆடம், வேதிப் பொறியியல் படித்து அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவில் கணினி நூல்களை எழுதிப் பதிப்பித்துப் பெயர் பெற்றார். 2003 மார்ச்சில் அவர் உயிர் பிரிந்ததும் கொடைக்கானலில்தான்.

1981 ஏப்ரலில் அவருடைய நிறுவனம் ‘ஆஸ்பர்ன் 1’ கணினியை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். விமான இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும் என்ற கணக்கோடு அதை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் ஆகிய மென்பொருள்கள் அந்த விலைக்குள்ளேயே வந்தன. நினைவகம் 64 கே.பி. அதைக் கூட்டலாமா என்று கேட்கவே இடமில்லை; உள்ளே இருந்த இசட்80 செயலியால் நேரடியாக எட்ட முடிந்த உச்ச அளவே அவ்வளவுதான். வெளியுலகத் தொடர்பு வேண்டுமென்றால் தொலைபேசிக் கம்பியில் இயங்கும் மோடத்தைத் தனியாக வாங்க வேண்டும்.

இன்று மடிக்கணினி வாங்கப் போகிறவர் முன் மூன்று கேள்விகள் வந்து நிற்கின்றன. ரேம் எவ்வளவு? வைஃபை எந்தத் தலைமுறை? மேசையில் வைத்து வேலை செய்ய எந்த டாக் (கூடுதல் போர்ட்டுகள் தரும் இணைப்புப் பெட்டி) பொருந்தும்? இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவை, வெவ்வேறு திசையில் போனவை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடிந்த ரேம், இன்று பெரும்பாலும் வாங்கும் நாளோடு முடிவாகிவிடுகிறது. கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்த வைஃபை, எல்லா மடிக்கணினியிலும் உள்ள அடிப்படை வசதியாகிவிட்டது. ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த டாக், பொதுவான ஒரு கேபிளுக்குள் வந்துவிட்டது. பணத்தை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

எம்.பி.க்கு விலை பேசிய காலம்

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் மடிக்கணினிக்கு ரேம் சேர்ப்பது செலவு பிடிக்கும் வேலை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கென்று தனி வடிவத்தில் நினைவக அட்டையைச் செய்தது. ஒரு நிறுவனத்தின் அட்டை இன்னொன்றின் கணினியில் பொருந்தாது. பல நேரங்களில் அதே நிறுவனத்தின் அடுத்த மாடலுக்கும் பொருந்தாது. போட்டி இல்லாததால் அவர்கள் சொன்னதே விலை.

அந்த விலையும் நிலையாக நிற்கவில்லை. 1993 ஜூலை 4 அன்று ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நடந்தது. சிப்புகளை மூடி உறையிடப் பயன்படும் எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. செய்தி பரவியதும் ரேம் விலை உலகெங்கும் எகிறியது. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானை உலுக்கிய நிலநடுக்கத்தின்போதும் இதே கதைதான். எங்கோ ஓரிடத்தில் நடந்த விபத்து, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் கணினி வாங்க நினைத்தவரின் பையில் கை வைத்தது.

1995இல் அமெரிக்காவில் ஒரு எம்.பி. ரேம் 30 டாலர் அளவில் விற்றது. அந்த ஆண்டு வெளியான விண்டோஸ் 95, குறைந்தது 4 எம்.பி. கேட்டது, நிம்மதியாக ஓட 8 எம்.பி. வேண்டும். அந்த 4 எம்.பி. வித்தியாசம் 120 டாலருக்குச் சமம். குறைவாக வாங்கிக்கொண்டு, விலை இறங்கிய பின் சேர்த்துக்கொள்வோம் என்று வாங்குபவர் முடிவெடுத்ததில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே விலை சரிந்தது. காத்திருந்தவர்கள் இலாபம் பார்த்தார்கள்.

காத்திருக்கும் இந்த வழக்கத்துக்கு உறுதுணையாக நின்றது எஸ்.ஓ.-டிம் என்ற பொது வடிவம். மேசைக் கணினி ரேமில் ஏறத்தாழ பாதி நீளமுள்ள அட்டை அது. ஜெடெக் என்ற தர அமைப்பு அதன் அளவையும் முனைகளையும் வரையறுத்தது. முதலில் 72 முனை, பிறகு 144, டி.டி.ஆர். காலத்தில் 200, டி.டி.ஆர்.3க்கு 204, டி.டி.ஆர்.4க்கு 260, டி.டி.ஆர்.5க்கு 262. தலைமுறைக்குத் தலைமுறை முனைகள் மாறினாலும், ஒரு தலைமுறைக்குள் யார் செய்த ரேமும் யாருடைய மடிக்கணினியிலும் உட்கார்ந்தது. அடிப்பக்க மூடியில் ஓரிரு திருகைக் கழற்றி, அட்டையைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் வேலை முடிந்தது.

சென்னை ரிச்சி தெருவைப் போன்ற சந்தைகளுக்கு இது நல்ல வியாபாரமாயிற்று. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது 128 எம்.பி. பரிந்துரைக்கப்பட்டது, 2007இல் விஸ்டாவின் உயர்ரகப் பதிப்புகள் 1 ஜி.பி. கேட்டன. ஆறே ஆண்டில் எட்டு மடங்கு! புதுக் கணினி வாங்க வசதியில்லாதவருக்கு ரேம் மாற்றுவதே கைகொடுத்தது. மெதுவாகிப்போன கணினிக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் கூட்டியது அந்தச் சின்ன அட்டை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ரேம் அளவைத் தீர்மானித்தது எல்காட் நிறுவனத்தின் டெண்டர் விதி. லட்சக்கணக்கான குடும்பங்களில் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது.

மூடப்பட்ட ஸ்லாட்

இந்தச் சுதந்திரத்தின் மேல் முதல் பூட்டு 2008 ஜனவரியில் விழுந்தது. ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் ஏர், மிகத் தடித்த இடத்திலும் 2 செ.மீ.க்கும் குறைந்த தடிமன் கொண்டது. ரேம் 2 ஜி.பி.; அது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. கூடுதலாகக் கேட்டு வாங்கவும் வழியில்லை. 2012 ஜூனில் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோவிலும் அதே முறை. வாங்கும்போதே 16 ஜி.பி. கேட்டால் உண்டு, பிறகு கிடையாது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அந்தக் கணினிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. விண்டோஸ் உலகின் மெல்லிய மடிக்கணினிகளும் விரைவில் அதே வழிக்கு வந்தன.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு; அதை மறுப்பது நியாயமாகாது. ஸ்லாட்டும் அட்டையும் இடத்தை அடைக்கும். செல்பேசிக்காக உருவான எல்.பி.டி.டி.ஆர். வகை ரேம், குறைந்த மின்னழுத்தத்தில் ஓடி பேட்டரியை மிச்சப்படுத்தும். ஆனால் செயலிக்கு மிக அருகில், குறுகிய தடங்கள் வழியாக இணைந்திருந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். சால்டர் செய்வது அந்த நெருக்கத்தைக் கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 இன்னும் ஒரு படி போய், ரேமைச் செயலியோடு ஒரே பொதிக்குள் வைத்தது. 2024இல் இன்டெல்லின் லூனார் லேக் செயலிகளும் 16 அல்லது 32 ஜி.பி. என்ற இரண்டே அளவில், அதே முறையில் வந்தன.

காரணம் நியாயமாக இருந்தாலும் விளைவை வாங்குபவர்தான் சுமக்கிறார். முன்பு வெளிச்சந்தையில் போட்டி விலைக்குக் கிடைத்த ரேம், இன்று தயாரிப்பாளர் வைக்கும் விலைக்கு, அதுவும் முதல் நாளே வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. ஒரு ரேம் சிப் கெட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்லும் நிலையும் கூடவே வந்தது.

மாற்று முயற்சிகளும் நடக்கின்றன. டெல் நிறுவனப் பொறியாளர் டாம் ஷ்னெல் உருவாக்கிய கேம் என்ற தட்டையான நினைவக அட்டை 2022இல் டெல்லின் பிரிசிஷன் கணினிகளில் வந்தது. ஜெடெக் அதைப் பொதுத் தரமாக்கி 2023 டிசம்பரில் கேம்2 என்ற பெயரில் வெளியிட்டது. எல்.பி.டி.டி.ஆர். ரேமையும் கழற்றி மாட்ட வழிசெய்யும் அதன் வகை, 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இடம்பிடித்தது. ஃபிரேம்வொர்க் என்ற இளம் நிறுவனம் 2021 முதல், ரேம் தொடங்கி போர்ட் வரை பயனரே மாற்றிக்கொள்ளும் மடிக்கணினிகளை விற்கிறது. ஆனால் சாதாரண கடையில் நடுத்தர விலைக்குக் கிடைக்கும் கணினிகளை இந்த மாற்றம் இன்னும் பெரிதாகத் தொடவில்லை.

கம்பியை அறுத்த கல்லாப்பெட்டி

வைஃபையின் வேர் மடிக்கணினியில் இல்லை, கடையின் கல்லாவில் இருக்கிறது. 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகள் புழங்கிய, வேறு யாரும் பெரிதாக விரும்பாத அலைவரிசைகள் அவை. பணப்பதிவு எந்திரங்கள் செய்த என்.சி.ஆர். நிறுவனம் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டது. பெரிய கடைகளில் பொருள் அடுக்கை மாற்றும்போதெல்லாம் கல்லா எந்திரங்களுக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்க, நெதர்லாந்தில் இருந்த என்.சி.ஆர். பொறியாளர்கள் வேவ்லேன் என்ற வானொலி அட்டையை உருவாக்கினார்கள். 1990 வாக்கில் சந்தைக்கு வந்தபோது ஓர் அட்டையின் விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

அந்தக் குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், கம்பியில்லா வலையமைப்புக்குப் பொதுத் தரம் வகுக்க அமைந்த ஐ.இ.இ.இ. 802.11 குழுவுக்குத் தலைவரானார். ஏழாண்டு பேச்சுக்குப் பிறகு 1997இல் முதல் தரம் வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது.

அதே 1999 ஜூலையில் நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் என்ற மடிக்கணினியோடு தோன்றினார். இணையப் பக்கங்களைத் திறந்தபடியே கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கம்பி ஏதும் இல்லை என்று காட்ட, ஒரு வளையத்துக்குள் அதை நுழைத்து எடுத்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அதன் விலைப் பட்டியல்தான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆன்டெனா ஐபுக்கின் உடலிலேயே இருந்தது. ஆனால் கீபோர்டுக்கு அடியில் செருகும் ஏர்போர்ட் கார்டுக்குத் தனியாக 99 டாலர், வீட்டில் வைக்கும் நிலையத்துக்கு 299 டாலர். கம்பியில்லா இணைப்பு அப்போது ஒரு விருப்பத் தேர்வு. வேண்டும் என்றால் காசு கொடு, வேண்டாம் என்றால் விடு.

விண்டோஸ் மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பக்கவாட்டில் செருகும் பி.சி. கார்டு வாங்கினார்கள். அதன் ஆன்டெனா முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பையில் வைக்கும்போது கழற்ற வேண்டும். பிறகு உள்ளே பொருத்தும் மினி பி.சி.ஐ. அட்டைகள் வந்தன.

விருப்பத்தை இயல்பாக மாற்றியது 2003 மார்ச். இன்டெல் தன் பென்டியம் எம் செயலி, 855 சிப்செட், புரோ வயர்லெஸ் 2100 அட்டை ஆகிய மூன்றையும் சேர்த்து சென்ட்ரினோ என்று பெயரிட்டது. மூன்றையும் இன்டெல்லிடமே வாங்கிப் பொருத்திய கணினிக்குத்தான் அந்த ஸ்டிக்கரும் விளம்பர உதவியும் கிடைக்கும். விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை 30 கோடி டாலர். ஆனால் அந்த அட்டை பேசியது பழைய 802.11பி. ஐந்து மடங்கு வேகம் தரும் 802.11ஜி கருவிகள் அதற்குள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஸ்டிக்கர் ஒட்டிய கணினியா, வேகமான அட்டை போட்ட கணினியா என்று அன்று வாங்கியவர்கள் தவித்தார்கள். சட்டைப்பைக்குள் நுழையும் ஓர் அட்டையை இரண்டு ஆண்டில் மாற்ற முடியும் என்று அறிந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

அந்த மாற்றத்துக்கும் சில இடங்களில் தடை இருந்தது. பல ஆண்டுகள் திங்க்பேட் கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும்.

இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியான விதிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமத் தேவையை நீக்கின. வைஃபை நம் ஊர் வீடுகளில் பரவ அந்த விதி வழி திறந்தது. இன்று வைஃபை இல்லாத மடிக்கணினி விற்பனைக்கே இல்லை. எஞ்சிய கேள்வி தலைமுறை பற்றியது மட்டுமே. அதிலும் கணினி வைஃபை 7 பேசினாலும் வீட்டு ரூட்டர் வைஃபை 5 என்றால் வேகம் ரூட்டரின் அளவுக்குத்தான் கிடைக்கும்.

மேசையில் காத்திருந்த மறுபாதி

எடை குறைய வேண்டும் என்றால் போர்ட்டுகள் குறைய வேண்டும். மேசையில் வேலை செய்ய போர்ட்டுகள் வேண்டும். இந்த இழுபறியில் பிறந்தது டாக். 1986இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. கன்வெர்டிபிள் கணினியின் பின்புறத்தில் பிரின்டர், திரை இணைப்பு முதலியவற்றைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம். 1990இல் காம்பேக் தன் எல்.டி.இ. வரிசைக்கு மேசைத் தளம் ஒன்றைக் கொடுத்தது.

இந்தக் கருத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனது 1992 அக்டோபரில் ஆப்பிள் விற்ற பவர்புக் டுவோ. எடை 2 கிலோவுக்கும் குறைவு. ஃபிளாப்பி கிடையாது, போர்ட்டுகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதியெல்லாம் டுவோ டாக் என்ற பெட்டியில் இருந்தன. மூடிய கணினியை அதன் வாயில் வைத்தால், வீடியோ பிளேயர் கேசட்டை உள்வாங்குவது போல மோட்டார் இழுத்துக்கொள்ளும். ஃபிளாப்பி டிரைவ், விரிவாக்க அட்டைகளுக்கு இரண்டு ஸ்லாட், கணிதத் துணைச்செயலிக்கு இடம், மேலே பெரிய திரை. வெளியே போகும்போது மெல்லிய கணினி, அலுவலகத்தில் முழு மேசைக் கணினி. அருமையான பொறியியல்தான். ஆனால் அந்தப் பெட்டி டுவோ வரிசைக்கு மட்டுமே உரியது. 1997இல் வரிசை நின்றபோது பெட்டியும் பயனற்றுப் போனது.

நிறுவன உலகில் இதுவே வாடிக்கையானது. டெல் லேட்டிட்யூட் வரிசையை எடுத்துக்கொண்டால், சி வரிசைக்கு ஒரு டாக், டி வரிசைக்கு இன்னொன்று, 2008இல் வந்த இ வரிசைக்கு இ-போர்ட் என்ற வேறொன்று. கணினியை மாற்றும் அலுவலகம் நூற்றுக்கணக்கான டாக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் டாக்குகளை வாங்கி மேசைதோறும் வைத்துவிட்டால், அடுத்த முறையும் அதே நிறுவனத்திடமே கணினி வாங்கும் கட்டாயம்.

இந்தக் கட்டு 2014 ஆகஸ்டில் வரையறுக்கப்பட்ட யூ.எஸ்.பி.-சி முனையால் தளர்ந்தது. எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் அந்தச் சிறு முனை, தரவு, திரைக் காட்சி, மின்சாரம் மூன்றையும் ஒரே கேபிளில் கொண்டுபோகக்கூடியது. 2015 ஜூனில் இன்டெல் அறிவித்த தண்டர்போல்ட் 3 அதே முனையில் நொடிக்கு 40 ஜிகாபிட் வேகத்தை வைத்தது. மின்சாரம் முதலில் 100 வாட் வரை. 2021 முதல் தர விதி 240 வாட் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மடிக்கணினிகளுக்கும் இந்த முனையைக் கட்டாயமாக்க 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது.

முனை ஒன்றானாலும் திறன் ஒன்றாகவில்லை என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. விலை குறைந்த சில கணினிகளில் யூ.எஸ்.பி.-சி போர்ட் தரவை மட்டும் கடத்தும். திரையும் ஓடாது, சார்ஜும் ஏறாது. எம்1 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் இயக்கும், இரண்டு எச்.டி.எம்.ஐ. உள்ள டாக்கை வாங்கி வைத்துவிட்டதால் மட்டும் அந்த வரம்பு மாறாது. பெட்டியின் மேல் அச்சான படத்தை நம்பாமல், ‘டிஸ்ப்ளே போர்ட் உண்டா, பவர் டெலிவரி எத்தனை வாட், எத்தனை வெளித்திரை’ என்று மூன்றையும் விவரப் பட்டியலில் பார்த்துவிடுவது நல்லது.

இன்று வாங்குபவருக்கு

2025 இறுதியில் ரேம் விலை மீண்டும் ஏறியது. இம்முறை விபத்தோ நிலநடுக்கமோ இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிச் சென்றன. மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ரேம் விற்று வந்த தன் குரூஷியல் வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறும் காலத்தில் ரேமைக் குறைத்துக்கொண்டு கணக்கைச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். ஸ்லாட் உள்ள கணினி என்றால் அதில் தவறில்லை. 1995இல் காத்திருந்தவர்களைப் போல விலை இறங்கியபின் சேர்க்கலாம். சால்டர் செய்த கணினியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

எனவே, கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கணினியில் ரேம் ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் எத்தனை காலி என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால், இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2024இல் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 16 ஜி.பி. என்று கீழ்வரம்பு வைத்தது. அதே ஆண்டு ஆப்பிளும் தன் மேக் கணினிகளின் தொடக்க அளவை 16 ஜி.பி.யாக உயர்த்தியது. நான்கைந்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவர் அதற்குக் கீழே போவது உசிதமல்ல. வைஃபையின் புதுத் தலைமுறைக்காகவோ, பெட்டியோடு தரும் டாக்குக்காகவோ அந்தப் பணத்தைத் திருப்பிவிட வேண்டாம். யூ.எஸ்.பி. கருவி ஒன்றால் வைஃபையைப் பின்னர் மேம்படுத்தலாம்; டாக்கைத் தேவை வரும்போது எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம்.